கல்லறைக் கல்லும் நிலத்தின் ஆழமும்

சிரம்பானிலிருந்து போர்ட்டிக்சனுக்குச் செல்லும் சாலையில் உள்ளது மம்பாவ். அவ்வட்டாரத்து இரப்பர்த் தோட்டங்களில் உழைத்த தமிழரின் மண்வெட்டிக்கு எட்டிய ஆழம் சில அடிகளே. கன்று நடக் குழி வெட்டினர், வடிகால் தோண்டினர், கிணறு இறக்கினர். அதற்கும் கீழே என்ன இருக்கிறது என்று ஆராய அவர்களுக்கு நேரமும் இல்லை, தேவையும் இல்லை. ஆயினும், அவர்தம் முன்னோர் விட்டுவந்த மண்ணிலேயே அந்த வினாவிற்கு விடையளிக்கும் கல்லொன்று கிடந்தது. தென்மாவட்டங்களிலிருந்து இரயிலேறிச் சென்னைத் துறைமுகத்தை நாடிவந்தோர், தாம்பரத்தைக் கடந்ததும் பல்லாவரத்துக் குன்றுகளையும் பரங்கிமலையையும் கண்டிருப்பர். சன்னலுக்கு வெளியே நின்ற அக்கருங்கற் குன்றுகள் நிலத்தின் மிக ஆழமான பகுதியொன்றில் பிறந்தவை என்பதை அன்று அவர்களுக்குச் சொல்வார் எவருமில்லை.

மனிதன் நிலவில் காலடி வைத்துவிட்டான்; தன் காலடியில் உள்ள நிலத்தை மட்டும் அவனால் ஆழமாகத் துளைக்க இயலவில்லை. சோவியத் நாட்டினர் கோலா தீவகற்பத்தில் 1970இல் தொடங்கிய துளைப்பு, 1989இல் 12,262 மீட்டரை எட்டியது. அங்கு வெப்பம் ஏறத்தாழ 180 பாகை செல்சியசாக இருந்தது; அதற்கு மேல் செல்லும் முயற்சிகள் பயன் தரவில்லை. கண்டங்களின் மேலோடோ சராசரியாக 40 கிலோமீட்டர் தடிப்புடையது. ஆக, மேலோட்டிலேயே மூன்றில் ஒரு பங்கைக்கூட மனிதனின் கருவி கண்டதில்லை. அங்ஙனமாயின், காணாத ஆழத்தைப் பற்றி அறிஞர் உறுதியோடு பேசுவது எங்ஙனம்? அந்த உறுதிக்கு ஆதாரம் யாது? அதற்கு எல்லை யாது? இவ்வினாக்களின் வரலாறே இக்கட்டுரையின் பொருள்.

பரங்கிமலைக் கல்

ஆங்கிலக் கிழக்கிந்தியக் கும்பினியின் அலுவலரான ஜாப் சார்னாக், 1690இல் ஊக்ளி ஆற்றங்கரையில் கும்பினியின் நிலையத்தை நிறுவி, 1690களின் தொடக்கத்தில் அங்கேயே இறந்தார். அவருடைய மருமகன் சார்லஸ் அயர் எழுப்பிய கல்லறை மண்டபம் கல்கத்தா புனித யோவான் ஆலய வளாகத்தில் இன்றும் நிற்கிறது. அதில் இலத்தீன் மொழிப் பொறிப்புடன் கூடிய கருநிறக் கற்பலகை ஒன்று உள்ளது. வங்காளச் சமவெளியோ ஆறுகள் கொணர்ந்த வண்டல் நிலம். கல்லறைக்கு ஏற்ற கல் அங்குக் கிடைப்பதில்லை. கல் வேறெங்கிருந்தோ வந்திருத்தல் வேண்டும்.

இருநூறு ஆண்டுகள் சென்றபின், இந்திய நிலவியல் ஆய்வுத்துறையைச் சேர்ந்த தாமஸ் ஹாலந்து அக்கல்லைக் கூர்ந்து நோக்கினார். சென்னையை அடுத்த பரங்கிமலையிலும் பல்லாவரத்திலும் தாம் கண்ட பாறையின் இனமே அது என்று தெளிந்தார். கருநீலச் சாயலும் எண்ணெய் தடவினாற்போன்ற மினுமினுப்பும் கொண்ட அப்பாறையில் படிகக்கல், களிமப்பாறைக் கனிமம் ஆகியவற்றோடு ஹைப்பர்ஸ்தீன் என்னும் இரும்பும் மக்னீசியமும் கலந்த கனிமமும் காணப்படுகின்றது. சாதாரணக் கருங்கல்லில் மின்னும் அபிரகம் இதில் அரிது. ஹாலந்து 1893இல் இக்கல்லறைக் கல்லைப் பற்றி எழுதி, அப்பாறைக்குச் ‘சார்னாக்கைட்டு’ என்று பெயரிட்டார். 1900இல் தென்னிந்தியாவின் சார்னாக்கைட்டுப் பாறை வரிசையைப் பற்றி விரிவான நூலொன்றையும் வெளியிட்டார். அன்றுமுதல் நார்வேயிலோ அண்டார்க்டிக்காவிலோ இவ்வினப் பாறை கிடைத்தாலும் அதனை இப்பெயராலேயே உலகம் அழைக்கின்றது.

பெயரின் வரலாறு இங்குச் சிந்திக்கத் தக்கது. கல்கத்தா நகரின் நிறுவனர் சார்னாக் என்று நெடுங்காலம் சொல்லப்பட்டு வந்தது. 2003ஆம் ஆண்டில் கல்கத்தா உயர்நீதிமன்றம், அவரை அந்நகரின் நிறுவனராகக் கொள்ளலாகாது என்று தீர்ப்பளித்தது. நகரம் அவர் பெயரிலிருந்து விடுபட்டது, கல் விடுபடவில்லை. அதனைப் பாறையிலிருந்து பிளந்தெடுத்த கல்தச்சர் எவர், மரக்கலத்தில் ஏற்றிய கூலியாள் எவர் என்பதை எந்தப் பொறிப்பும் கூறவில்லை. உழைத்தவன் பெயர் மறைய, உறங்குபவன் பெயர் நிலைத்தது.

பல்லாவரம் வேறு வகையாலும் வரலாற்றில் இடம்பெற்ற ஊர். பல்லவர் குடைந்த குகைக்கோயில் அங்குண்டு. இராபர்ட் புரூஸ் பூட் என்னும் நிலவியலறிஞர் 1863ஆம் ஆண்டு மே மாதம் 30ஆம் நாள், இந்தியாவில் பழைய கற்கால மனிதன் வாழ்ந்தமைக்குச் சான்றாகும் கற்கருவியை அங்கேதான் கண்டெடுத்தார். கற்கால மனிதனின் பழமை சில இலட்சம் ஆண்டுகள் எனின், அவ்வூர்க் குன்றுகளின் பழமை ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகள்.

மலையின் எடையும் மலையின் வேரும்

நிலத்தின் ஆழத்தை அறியும் முயற்சிக்கும் பரங்கிமலைக்கும் மற்றொரு தொடர்பும் உண்டு. வில்லியம் லாம்டன் 1802ஆம் ஆண்டில் தமது நில அளவையின் முதல் அடிக்கோட்டினைப் பரங்கிமலையை அடுத்த சமவெளியில்தான் அளந்தார். ஏழரை மைல் நீளமுள்ள அக்கோட்டிலிருந்து பெருகிய அளவைப்பணி, ஜார்ஜ் எவரெஸ்ட் காலத்தில் இமயத்தின் அடிவாரம்வரை சென்றது.

அங்கே ஒரு புதிர் தோன்றியது. கலியானா, கலியான்பூர் என்னும் இரண்டு நிலையங்களுக்கு இடைப்பட்ட தொலைவை நிலத்தில் அளந்தபோது ஒரு விடையும், விண்மீன்களை நோக்கிக் கணித்தபோது மற்றொரு விடையும் கிடைத்தன. வேறுபாடு 5.236 கோண நொடி. நிலத்தில் இது ஏறத்தாழ 160 மீட்டர்தான். ஆயினும், நுண்ணிய அளவையில் இது பெரும்பிழை. இமயமலையின் பெருந்திரள் தூக்குக் குண்டைத் தன்பால் ஈர்ப்பதே காரணம் என்று கருதிய கல்கத்தா அறிஞர் ஜான் ஹென்றி பிராட், அவ்வீர்ப்பைக் கணக்கிட்டார். 1855இல் அவர் கண்ட விடை வியப்பளித்தது: வேறுபாடு 15.885 கோண நொடியாக இருந்திருக்க வேண்டும். இமயம் தன் பருமனுக்கேற்ப ஈர்க்கவில்லை!

அதே ஆண்டில் இங்கிலாந்தின் அரச வானியலறிஞர் ஜார்ஜ் ஏரி விளக்கம் தந்தார். நீரில் மிதக்கும் கட்டைகளுள் அதிகம் மேலே தெரிவது அதிகம் மூழ்கியும் இருக்கும். அதுபோல, உயர்ந்த மலைக்குக் கீழே எடை குறைந்த பாறையின் வேர் ஆழமாக இறங்கியிருக்கிறது. அது கனமான அடிப்பொருளை விலக்கி நிற்பதால் ஈர்ப்பு குறைகிறது. பிராட், பாறைகளின் அடர்த்தி இடத்திற்கிடம் மாறுபடுவதே காரணம் என்று 1859இல் வேறு விளக்கம் கூறினார். இருவர் கருத்திலும் உண்மை உண்டு என்பதே பிற்கால அறிவு.

மாணவர் எளிதில் கணக்கிடலாம். மேலோட்டுப் பாறையின் அடர்த்தி நீரைப்போல் 2.8 மடங்கு என்றும், அதன் அடியிலுள்ள பொருளின் அடர்த்தி 3.3 மடங்கு என்றும் கொள்வோம். ஒரு கிலோமீட்டர் உயரமுள்ள மலையைத் தாங்க, 2.8ஐ அவ்விரண்டின் வேறுபாடாகிய 0.5ஆல் வகுக்கக் கிடைக்கும் 5.6 கிலோமீட்டர் ஆழமுள்ள வேர் வேண்டும். பாறையை முதலில் வெறுமனேயும் பின்னர் நீரில் மூழ்கவைத்தும் எடையிட்டால் கிடைக்கும் அடர்த்தி என்னும் எளிய அளவு, மலைகளின் வேரைக் காட்டும் சான்றாகிவிட்டது. ஆயினும், எடை மட்டும் ஆழத்தை முடிவாக உரைக்காது. ஆழத்தை ஊடுருவிச் சென்று மீளும் தூதுவன் ஒருவன் வேண்டியிருந்தது. அத்தூதுவன் நில அதிர்ச்சி அலை.

அதிர்ச்சி கொணர்ந்த செய்தி

1897ஆம் ஆண்டு ஜூன் மாதம் 12ஆம் நாள் அசாமைப் பெரும் நில அதிர்ச்சி குலுக்கியது. அதனை ஆராய்ந்தவர் இந்திய நிலவியல் ஆய்வுத்துறையின் ரிச்சர்டு ஓல்டாம். அவ்வதிர்ச்சியின் அசைவுகள் ஐரோப்பாவிலிருந்த கருவிகளிலும் பதிவாகியிருந்தன. அவற்றில் மூவகை அலைகள் வேறுவேறு நேரங்களில் வந்து சேர்ந்திருப்பதை ஓல்டாம் பிரித்துக் காட்டினார். முதலில் வருவது நெடுக்கலை. செல்லும் திசையிலேயே பாறையை அழுத்தியும் தளர்த்தியும் அது விரையும். அடுத்து வருவது குறுக்கலை; செல்லும் திசைக்குக் குறுக்கே அது பாறையை அசைக்கும். இறுதியில் வருவது நிலத்தின் மேற்பரப்பையொட்டிப் பரவும் அலை. 1906இல் நிலத்தின் நடுவே ஒரு கருப்பகுதி உண்டென்பதையும் இவ்வலைகளைக் கொண்டே அவர் எடுத்துரைத்தார்.

அசாம் அதிர்ச்சிக்குப் பின்னர், இந்தியாவில் நில அதிர்ச்சிப் பதிவு நிலையங்கள் அமைக்கப்பட்டன. அவற்றுள் ஒன்று 1899ஐ ஒட்டிக் கொடைக்கானல் மலையில் அமைந்தது. பழனி மலைத்தொடரின் பகுதியான கொடைக்கானல், சார்னாக்கைட்டு இனப் பாறையால் ஆனது. ஒருகாலத்தில் ஆழத்திலிருந்த பாறையின்மேல் அமர்ந்து, அக்கருவி ஆழத்தின் ஓசையைப் பதிந்து வந்தது.

1909 அக்டோபர் 8ஆம் நாள் குரோவேசியாவின் குல்ப்பா பள்ளத்தாக்கில் நிகழ்ந்த அதிர்ச்சி அடுத்த படிக்கு வழிகோலியது. சாக்ரெபு நகரில் பணியாற்றிய ஆந்திரியா மொகோரோவிச்சிச், பல நிலையங்களின் பதிவுகளை ஒப்பிட்டார். தொலைவிலிருந்த நிலையங்களில் ஒரே வகை அலை இருமுறை வந்திருந்தது. நேர்வழியே வந்த அலையினும், ஆழத்தில் இறங்கி வேகமாகச் செல்லும் பாதையைப் பிடித்துவந்த அலை முந்திக்கொண்டது. சந்து வழியே நேராக நடப்பவனைக் காட்டிலும், சுற்றிச் சென்று பெருஞ்சாலையில் பேருந்து ஏறியவன் முன்னே ஊர் சேர்வது போன்றது இது. ஏறத்தாழ 54 கிலோமீட்டர் ஆழத்தில் அலையின் விரைவு சட்டென்று கூடுகிறது என்று அவர் கணித்தார். மேலோட்டுக்கும் அதன் அடியிலுள்ள மூடகத்துக்கும் இடைப்பட்ட அவ்வெல்லை இன்று அவர் பெயரால் வழங்குகின்றது.

இதனால் ஆழத்தின் அமைப்பு ஓரளவு விளங்கியது. இன்ன ஆழத்தில் அலையின் விரைவு இவ்வளவு என்று கூற முடிந்தது. ஆனால், அலை கொணர்ந்தது எண்ணை மட்டுமே. நொடிக்கு 6.4 கிலோமீட்டர் என்று எண் கூறினால், அங்கிருப்பது கருங்கல்லா, சார்னாக்கைட்டா, வேறு பாறையா? எண்ணுக்குப் பொருள் காண அகரமுதலி ஒன்று வேண்டுமன்றோ? அந்த அகரமுதலியை நிலத்தின் மேலேயே, கைக்கு எட்டும் கற்களைக் கொண்டு தொகுக்க வேண்டியிருந்தது.

உருளைக்குள் ஓசை

கல்லைத் தட்டிக் கேட்டு அதன் இயல்பறிவது தமிழ்க் கல்தச்சருக்குப் புதியதன்று. சிலைக்குக் கல் தேர்ந்தெடுக்கும் சிற்பி சுத்தியலால் தட்டுவார். மணியோசைபோல் நீண்டொலித்தால் ஆண்கல் என்பார். வேறொரு மெல்லோசை எழுந்தால் பெண்கல் என்பார். ஓசையே எழாவிடின் அதனை ஒதுக்குவார். உள்ளே வெடிப்புள்ள கல் ஓசையைக் காட்டிக்கொடுத்துவிடும். நெல்லையப்பர் கோயிலின் இசைத்தூண்கள் இவ்வறிவின் விளைவே. கல்லின் உறுதியும் அடர்த்தியும் வெடிப்புமே அதன் வழியே ஓசை செல்லும் விரைவை நிர்ணயிக்கின்றன என்பது இன்றைய இயற்பியல். சிற்பி செவியால் அறிந்ததைப் பின்னாளில் கருவி எண்ணால் குறித்தது.

கருவிவழி அளவையில் ஒரு தடை இருந்தது. மேற்பரப்பில் கிடக்கும் கல்லில் கண்ணுக்குப் புலப்படாத நுண்வெடிப்புகள் நிறைந்துள்ளன. அதனால் அதில் அலை தயங்கியே செல்லும். ஆழத்திலோ மேலுள்ள பாறையின் சுமை அவ்வெடிப்புகளை மூடிவிடுகிறது. ஆகவே, கைக்கல்லை ஆழத்துப் பாறையோடு ஒப்பிட வேண்டுமாயின், ஆழத்து அழுத்தத்தை ஆய்வகத்திலேயே உண்டாக்குதல் வேண்டும். 1923இல் வாசிங்டனில் ஆடம்சு, வில்லியம்சன் என்னும் இருவர், பாறைகள் அழுத்தத்தில் எவ்வளவு சுருங்குகின்றன என்பதை அளந்து, அதிலிருந்து அலையின் விரைவைக் கணித்தனர். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் பெர்சி பிரிட்ஜ்மன் பேரழுத்தக் கருவிகளை அமைத்து, அத்துறைக்காக 1946இல் நோபல் பரிசு பெற்றார்.

அப்பல்கலைக்கழகத்தில் இப்பணியை நிறைவு செய்தவர் பிரான்சிஸ் பர்ச். அவரது வாழ்வில் ஒரு முரண் உண்டு. 1945இல் தீனியன் தீவில், ஹிரோசிமாவின்மீது வீசப்பட்ட அணுகுண்டைப் பூட்டும் பணியை மேற்பார்வையிட்டவர் அவரே. போர் முடிந்தபின் அழிவின் பணியை விட்டு மீண்டும் கற்களிடம் வந்தார். ஏறத்தாழ 250 பாறைத் துண்டுகளை 10 கிலோபார் வரை, அதாவது காற்று மண்டல அழுத்தத்தைப்போல் ஏறத்தாழப் பத்தாயிரம் மடங்குவரை அழுத்தி, அவற்றில் நெடுக்கலையின் விரைவை அளந்தார். 35 கிலோமீட்டர் ஆழத்தில் நிலவும் அழுத்தம் அது. அம்முடிவுகள் 1960, 1961 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்தன.

அளக்கும் முறையைச் சுருங்கக் கூறலாம். பாறையிலிருந்து சில அங்குல நீளமுள்ள உருளையை அறுத்தெடுத்து, இரு முனைகளையும் சமமாகத் தேய்ப்பர். அழுத்தத் திரவம் உட்புகாதபடி அதற்கு உறையிட்டு, தடித்த எஃகுக் கலத்தினுள் வைப்பர். ஒரு முனையில் மின்துடிப்பை அதிர்வாக மாற்றும் வில்லையும், மறுமுனையில் அதிர்வை மின்துடிப்பாக மாற்றும் வில்லையும் இருக்கும். இங்கிருந்து புறப்பட்ட அதிர்வு அங்குச் சேரும் நேரத்தை அளந்து, உருளையின் நீளத்தை அந்நேரத்தால் வகுத்தால் விரைவு கிடைக்கும். 5 செண்டிமீட்டர் நீளமுள்ள கல்லில் நொடிக்கு 6.4 கிலோமீட்டர் விரைவில் அலை செல்ல ஆகும் நேரம், ஒரு நொடியின் பத்து இலட்சத்தில் ஏறத்தாழ எட்டுப் பங்கு! நிலமும் பொழுதும் முதற்பொருள் என்று இலக்கணத்தில் பயின்ற தமிழ் மாணவர், நீளமும் நேரமும் என்னும் இவ்விரண்டையே முதலாகக் கொண்டு ஆழம் அளக்கப்படுவதைக் கண்டு மகிழலாம்.

அழுத்தத்தைக் கூட்டத் தொடங்கியதும் விரைவு முதலில் விரைந்து ஏறும். வெடிப்புகள் மூடிக்கொள்வதே காரணம். இரண்டு கிலோபாரையொட்டி அவை பெரும்பாலும் மூடியபின், விரைவு மெல்லவே ஏறும். அந்நிலையில் கிடைக்கும் எண்தான் அப்பாறையின் உண்மை இயல்பைக் காட்டுகிறது. மேலோட்டத்தில் காணும் தயக்கமெல்லாம் காய்ந்த வெடிப்புகளால் வந்தவை. சுமை ஏறியபோதே கல்லின் மெய்யான உறுதி வெளிப்படுகின்றது.

பர்ச் அளந்த கற்களுள் ஒன்று பல்லாவரத்துச் சார்னாக்கைட்டு. அதன் அடர்த்தி ஏறத்தாழ 2.74. மேலோட்டின் ஆழ்பகுதிகளில் நிலவும் அழுத்தத்தில் நெடுக்கலை அதில் நொடிக்கு 6.3 முதல் 6.5 கிலோமீட்டர் வரையிலான விரைவில் சென்றது. சென்னைக்கருகே சாலைக்கும் கட்டடத்துக்கும் உடைக்கப்பட்ட கல், அட்லாண்டிக் கடலுக்கு அப்பால் ஓர் எஃகுக் கலத்துள் நிலத்தின் ஆழத்துக்குச் சாட்சி கூறிற்று.

எண் ஒன்று, பாறை பல

சாட்சியைக் கேட்டவுடன் தீர்ப்பு எழுதிவிட இயலுமா? அகரமுதலியில் ஒரு சொல்லுக்குப் பல பொருள் இருப்பதுபோல், ஓர் எண்ணுக்குப் பல பாறைகள் பொருந்தின. நொடிக்கு 6.4 கிலோமீட்டர் என்பது சார்னாக்கைட்டுக்கும் பொருந்தும். சிலவகைப் பட்டைப்பாறைகளுக்கும் பொருந்தும். வெப்பம் ஏறினால் விரைவு குறைகின்றது. வெடிப்புகளில் நீர் நிறைந்தாலும் விரைவு மாறுகின்றது. ஒரே பாறையில்கூட, கனிமங்கள் ஒரு திசையில் அடுக்கப்பட்டிருந்தால் திசைக்கொரு விரைவு கிடைக்கும்.

இக்குழப்பத்தைக் குறைக்க இரண்டாவது சாட்சி தேவைப்பட்டது. பர்ச்சின் வழிவந்த ஜீன் சிம்மன்ஸ் 1964இல் குறுக்கலையின் விரைவையும் அவ்வாறே அளந்து வெளியிட்டார். இரண்டு விரைவுகளையும் ஒப்பிடும்போது படிகக்கல் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். ஏனெனில், பிற கனிமங்களை நோக்க, அதில் குறுக்கலையின் விரைவு நெடுக்கலையின் விரைவை மிகுதியாக நெருங்கியிருக்கும். ஆகவே, படிகக்கல் மிகுந்த பாறை எது, குறைந்த பாறை எது என்பதைப் பெரும்பாலும் பிரித்தறியலாம். அடர்த்தியை மூன்றாவது சாட்சியாகவும் வெப்பத்தை நான்காவதாகவும் சேர்த்தால் ஐயம் மேலும் சுருங்கும். ஆயினும், முற்றிலும் மறையாது.

கோலாத் துளைப்பு இதற்குப் பாடமாக அமைந்தது. அங்கு ஏறத்தாழ 7 கிலோமீட்டர் ஆழத்தில் அலையின் விரைவு மாறுவதைக் கண்ட அறிஞர், கருங்கல் முடிந்து எரிமலைக் கரும்பாறை தொடங்கும் எல்லை அது என்று எதிர்பார்த்திருந்தனர். துளைப்பு அந்த ஆழத்தைக் கடந்தபோது அக்கரும்பாறை கிடைக்கவில்லை. பாறையின் இனம் மாறியதால் அன்று, அதன் உருமாற்றமும் வெடிப்பும் மாறியதாலேயே விரைவு மாறியிருந்தது. தொலைவிலிருந்து கேட்ட செய்தி பொய்யன்று. செய்திக்குத் தரப்பட்ட பொருளே பிழை. கையில் கல் வந்த பின்னரே அப்பிழை தெரிந்தது.

மேலே வந்த அடித்தளம்

துளைத்து எட்ட முடியாத ஆழத்துப் பாறையை இயற்கையே சில இடங்களில் மேலே கொணர்ந்து வைத்துள்ளது. தென்னிந்தியாவும் இலங்கையின் மலைநாடும் அத்தகையன. நீலகிரி, சேர்வராயன், ஆனைமலை, பழனி ஆகிய மலைகளில் சார்னாக்கைட்டு இனப் பாறைகள் பரந்து கிடக்கின்றன. அவற்றிலுள்ள கனிமங்கள் எந்த வெப்பத்தில், எந்த அழுத்தத்தில் ஒருங்கே உருவாகக்கூடும் என்று ஆராய்ந்த அறிஞர், 700 பாகைக்கு மேற்பட்ட வெப்பத்தையும் 20 முதல் 30 கிலோமீட்டர் ஆழத்துக்குரிய அழுத்தத்தையும் கண்டனர். தேயிலைச் செடி வேரூன்றி நிற்கும் நீலகிரிப் பாறை, ஒருகாலத்தில் அத்துணை ஆழத்தில் வெந்துகொண்டிருந்தது.

ஹாலந்து இப்பாறை உருகிய குழம்பிலிருந்து உறைந்ததென்றே கருதினார். பின்வந்தோர், வேறு பாறைகளே ஆழத்து வெப்பத்தில் நீரை இழந்து இவ்வாறு உருமாறின என்றனர். நெடுநாள் நடந்த அவ்வாதத்தில் தெளிவு தந்தவர் மைசூர் நிலவியலறிஞர் சி. எஸ். பிச்சமுத்து. கர்நாடகத்தின் கப்பாளதுர்க்கத்தில், வெளிறிய பட்டைப்பாறையின் நடுவே கருநிறத் திட்டுகளாகச் சார்னாக்கைட்டு தோன்றியிருப்பதை அவர் கண்டார். ஒரு பாறை மற்றொன்றாக மாறிக்கொண்டிருந்த நிலையிலேயே உறைந்துபோன காட்சி அது. பர்ச்சின் அளவைகள் வெளிவந்த அதே 1960ஆம் ஆண்டில், ‘நேச்சர்’ என்னும் ஆய்விதழில் பிச்சமுத்துவின் கட்டுரையும் வெளிவந்தது. ஆய்வகத்தில் ஒருவரும் மலைச்சரிவில் ஒருவரும் ஒரே கல்லை இருபுறமிருந்து நெருங்கினர் எனலாம். பின்னாளில், இப்பாறைகளின் கனிமங்களுக்குள் அடைபட்ட நுண்குமிழ்களில் கரியமிலவாயு இருப்பதும் அறியப்பட்டது. நீர் விலகிய இடத்தில் அவ்வாயு இருந்தமைக்கு அது சான்று. இன்றோ, குழம்பிலிருந்து உறைந்தவையும் உருமாறியவையும் ஆகிய இருவகையும் உண்டென்று அறிஞர் ஏற்கின்றனர்.

1961இல் ஐதராபாத்தில் தேசியப் புவி இயற்பியல் ஆய்வகம் நிறுவப்பட்டது. 1970களில் சோவியத் அறிஞரின் துணையோடு, கிழக்குக் கரையின் காவலியிலிருந்து மேற்குக் கரையின் உடுப்பிவரை ஏறத்தாழ 600 கிலோமீட்டர் நீளத்துக்கு வெடிவைத்து, அதன் அதிர்வுகளைப் பதிந்து, தக்காணத்தின் ஆழம் ஆராயப்பட்டது. நில அதிர்ச்சிக்காகக் காத்திராமல் மனிதனே அதிர்ச்சியை உண்டாக்கிக் கேட்ட முறை அது. பின்னர்க் குப்பத்திலிருந்து தமிழகத்தின் ஊடே பழனிவரை அத்தகைய ஆய்வு நடைபெற்று, அதன் முடிவுகள் 2003இல் தொகுத்து வெளியிடப்பட்டன. மேலோட்டின் தடிப்பு அங்கு 40 கிலோமீட்டருக்கு மேல் என்று அது காட்டியது.

இங்கேதான் வியப்புக்குரிய கணக்கு ஒன்று எழுகின்றது. 20, 30 கிலோமீட்டர் ஆழத்தில் இருந்த பாறை இன்று மேலே இருக்கிறது. அதற்கு மேலிருந்த அவ்வளவு பாறையும் கோடிக்கணக்கான ஆண்டுகளில் தேய்ந்தோ விலகியோ போயிற்று. அதன் பின்னரும் கீழே 40 கிலோமீட்டர் மீந்துள்ளது. அப்படியாயின், அப்பாறை உருவான காலத்தில் அங்கிருந்த மேலோடு இன்றைய இமயத்தின் அடியிலுள்ளதைப்போல் 60, 70 கிலோமீட்டர் தடித்திருக்க வேண்டும்; அன்றேல், பின்னாளில் அடியில் புதிய பொருள் வந்து சேர்ந்திருக்க வேண்டும். விடையின் பெரும்பகுதி அலைகளின் விரைவிலும் கற்களின் அளவையிலும் இன்னும் தேடப்பட்டு வருகின்றது. தென்னாட்டுக் குன்றுகளின் தாழ்ந்த உருவைக் கண்டு அவற்றை எளியனவாக எண்ணுதல் தவறு. அவை மறைந்துபோன பெருமலைகளின் வேர்கள்.

கைக்கல்லும் தொலைவலையும்

இவ்வரலாறு உணர்த்தும் முறை ஒன்றுண்டு. தொலைவிலிருந்து வரும் அலை பரந்த நிலப்பரப்பைச் சொல்லும். ஆனால் பெயர் சொல்லாது. கையிலுள்ள கல் தன் பெயரைச் சொல்லும். ஆனால் தான் கிடந்த இடத்துக்கு அப்பால் எதுவும் சொல்லாது. அலையை மட்டும் நம்பியோர் கோலாவில் ஏமாந்தனர். கல்லை மட்டும் கண்டோர், அது எத்துணை ஆழத்துக்குரியது என்பதை அறியாதிருந்தனர். இரண்டையும் எதிரெதிரே வைத்து, ஒன்றால் மற்றொன்றைத் திருத்தியபோதே அறிவு வளர்ந்தது.

மண்ணின் வரலாற்றுக்கு மட்டுமன்றி, மண்ணில் உழைத்த மக்களின் வரலாற்றுக்கும் இது பொருந்தும். மம்பாவ் வட்டாரத்துத் தோட்டங்களின் வரலாற்றை எழுத முனையும் ஒருவருக்கு அரசாங்க அறிக்கைகளும் கணக்கேடுகளும் கிடைக்கலாம். அவை தொலைவலைகள். எத்தனை பேர் வந்தனர், எத்தனை ஏக்கர் நடப்பட்டது என்று எண்களைத் தரும். அந்த எண்களுக்குப் பின்னே இருந்தவர் யார், எந்த ஊரைவிட்டு வந்தனர், எந்தச் சொல்லால் ஒருவரையொருவர் அழைத்தனர் என்பதை அவை கூறா. அதனைக் கூற வல்லவர் லயன் வீடுகளில் பிறந்து வளர்ந்த முதியோர். அவர்களே கைக்கற்கள். சிரம்பானைச் சுற்றிய தோட்டங்கள் பல வீட்டுமனைகளாகிவிட்டன, குடும்பங்கள் சிதறிவிட்டன, முதியோரின் எண்ணிக்கை ஆண்டுக்காண்டு குறைந்து வருகின்றது. பாறை 250 கோடி ஆண்டுகள் காத்திருக்கும், மனிதர் காத்திரார். அலையின் பதிவு எஞ்சி, கல் தொலைந்துபோனால், எண்ணுக்குத் தவறான பொருளை எழுதிவிட்டு அதையே வரலாறென நம்பும் நிலை ஏற்படும். அதனைத் திருத்த அங்கு மற்றொரு துளைப்பு நிகழப் போவதில்லை.

தமிழாசிரியர் ஒருவர் மாணவரிடம் ஒரு கருங்கல் துண்டையும் ஒரு சுத்தியலையும் தந்து, தட்டிக் கேட்கச் சொல்லலாம். வெடிப்புள்ள கல்லுக்கும் வெடிப்பில்லாத கல்லுக்கும் உள்ள வேறுபாட்டை அவர்கள் செவி தானே உணரும். பின்னர், அதே மாணவரைத் தம் பாட்டனாரிடமும் பாட்டியாரிடமும் அனுப்பி, கேட்டு எழுதிவரச் சொல்லலாம். பரங்கிமலைக் கல்லை வெட்டியவனின் பெயரை உலகம் இழந்துவிட்டது. மம்பாவ் மண்ணைத் திருத்தியோரின் பெயரை இழக்காமலிருக்க இன்னும் சிறிது காலம் இருக்கின்றது.